வாசகர் கேள்வி – பதில்: முதுமையில் உறவும் உடல்நலமும்

முதியோரின் தனிமையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதை அடுத்து தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

என் தாயார் காலமாகி நான்கு மாதம் ஆகிறது. தந்தைக்கு வயது 74. நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கருமாதி முடிந்த நாளிலிருந்து அவர் ஒருமுறைகூட அழவில்லை. யார் விசாரித்தாலும் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். ஆனால் கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. பிரஷர் மாத்திரை மாதக் கடைசியிலும் பாதிக்கு மேல் மிஞ்சிக் கிடக்கிறது. சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு தூண்டில் போடப் போகிறவர், இப்போது அந்தப் பக்கமே திரும்புவதில்லை. "ஆம்பளைதானே, தாங்கிக்குவார்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? – வாசகி, ஃபீனிக்ஸ்

பயப்பட வேண்டிய நேரத்தில்தான் பயப்படுகிறீர்கள். மனைவியை இழந்த முதிய ஆணுக்கு முதல் ஆறு மாதமே மிகவும் ஆபத்தான காலம் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. பிரிட்டனில், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களை ஒன்பது ஆண்டுகள் கவனித்து 1969இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மாதத்துக்குள் 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதுடைய மணமான ஆண்களிடையே எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட இது 40 விழுக்காடு அதிகம். அந்தக் கூடுதல் சாவுகளில் பெரும்பங்கு இதய நோயால் நேர்ந்தது. பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும், துணையை இழப்பது இருபாலரையும் பாதித்தாலும் ஆண்களைக் கூடுதலாகவே பாதிக்கிறது என்று காட்டியிருக்கின்றன.

ஆண் தாங்கிக்கொள்வான் என்று உங்கள் உறவினர்கள் சொல்வதற்கு நேர்மாறாக இது இருப்பதற்குக் காரணம் உண்டு. மனம்விட்டு யாரிடம் பேசுவீர்கள் என்று வயதான பெண்ணைக் கேட்டால், மகள், தங்கை, பக்கத்து வீட்டு அம்மாள், கோவிலில் பழகியவர் என நாலைந்து பேரைச் சொல்வார். அதே கேள்வியை வயதான ஆணிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும். அது மனைவியின் பெயர். வேலையிடத்து நட்புகள் ஓய்வோடு போய்விடுகின்றன. உறவினர் வீட்டு நல்லது கெட்டதை விசாரிப்பது, பேரப்பிள்ளையின் பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பது, தொலைபேசியை எடுத்துப் பேசுவது எல்லாம் மனைவியின் வேலையாகவே இருந்துவிடுகிறது. ஆகவே அவர் போனதும், மகன் மகளோடு இருந்த பேச்சின் பாதிகூட அவரோடு போய்விடுகிறது. உங்கள் தந்தைக்கு நான்கு மாதத்துக்கு முன் நடந்தது ஓர் உயிரின் இழப்பு மட்டும் அன்று; சாப்பாடு, மருந்து, மருத்துவமனை அட்டை, பேச்சுத்துணை ஆகிய நான்கும் ஒரே நாளில் நின்றன.

எடை குறைவதைத் துக்கத்தின் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தானாகக் குறைந்தால் மருத்துவர் அதற்குக் காரணம் தேட வேண்டும். இந்த நாட்டில் காசநோயும் கட்டுப்படாத சர்க்கரையும் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும். மனச்சோர்வு வேறு இருக்கலாம். முதிய ஆண்களிடம் அது அழுகையாக வெளிப்படுவது குறைவு. பசியின்மை, எரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வது, பிடித்த காரியத்தைக் கைவிடுவது என்று வெளிப்படும். "இனி வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதா, அப்பா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்று அவர் சொன்னால், அன்றைக்கே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சமையலறையையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ரொட்டித் துண்டும் இனிப்புப் போட்ட தேநீருமே மூன்று வேளைக்கும் ஓடிக்கொண்டிருந்தால் நான் வியப்படைய மாட்டேன். தினமும் சமைத்து அனுப்புவதைவிட, பருப்பும் சோறும் ஒரு கறியும் ஆக்க அவருக்குக் கற்றுக்கொடுப்பது நீடித்து உதவும். 74 வயதில் அடுப்படிக்குப் பழகிய ஆண்கள் எத்தனையோ பேர். மாத்திரைக்கு ஏழு நாள் பெட்டி வாங்கிக் கொடுங்கள். நிலையாக மருந்து எடுப்பவர்கள் மருத்துவமனை வரிசையில் நிற்காமல் அருகிலுள்ள இடத்திலேயே மாத மருந்தைப் பெறும் ஏற்பாடு இப்போது இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் நேரம்தான் சில முதியவர்களுக்கு மாதத்திலேயே அதிகம் பேசும் நேரம் என்பதால், உங்கள் தந்தைக்கு அதை மாற்றுவதற்கு நான் அவசரப்பட மாட்டேன்.

தூண்டில் நண்பர்களில் ஒருவரைப் பிடியுங்கள். ஆறுதல் சொல்லச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வாசலில் வண்டியை நிறுத்தி, "புழு வாங்கியாச்சு, வாங்கண்ணே" என்று கூப்பிட்டால் போதும். எதிரெதிரே உட்கார்ந்து துக்கத்தைப் பேச ஆண்களுக்கு வராது. கடலைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றால், மூன்றாவது வாரம் தானாகப் பேச்சு வரும்.

என் மனைவிக்கு வயது 66. வெள்ளிக்கிழமை கோவில் சமையல், முதியோர் சங்கம், பஜனை என்று அவளுக்குப் பழக்கமில்லாத ஆளே இல்லை. வீட்டில் என் 91 வயதுத் தாயாரையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். உறவும் நட்பும் உடம்புக்கு மருந்து என்று எழுதினீர்கள். அப்படியானால் அவளுக்கு ஏன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வரவில்லை? கோவில் வேலையையாவது நிறுத்தச் சொல்லலாமா? – வாசகர், லெனேசியா

நிறுத்த வேண்டியதைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள், ஐயா. உறவு என்பது வாங்குவதும் கொடுப்பதும் சேர்ந்தது. ஆண்களுக்கு உறவு வட்டம் சிறியதாயினும் அதிலிருந்து பெறுவதே பெரும்பாலும் அதிகம். பெண்களுக்கு வட்டம் பெரியது. ஆனால் அதில் உள்ள ஒவ்வொருவரின் நோயும் கடனும் சண்டையும் அவர்கள் தலையில்தான் வந்து இறங்குகின்றன. நெருங்கியவர்களுக்கு நேரும் துன்பம் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் வாட்டுகிறது என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சுமை உடம்பில் தெரியும். மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் கையில் ஒரே அளவான சிறு காயம் ஏற்படுத்தி அது ஆறும் காலத்தை அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. அதே வயதும் வசதியும் கொண்ட மற்றப் பெண்களைவிடப் பராமரிப்பாளர்களுக்கு அந்தக் காயம் ஆற ஏறத்தாழ ஒன்பது நாள் கூடுதலாகியது. நோயுற்ற துணைவரைப் பராமரிக்கும் முதியோரைப் பற்றி 1999இல் வந்த இன்னோர் ஆய்வில், பராமரிப்பினால் திணறுவதாகச் சொன்னவர்கள் நான்காண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. பராமரித்தும் திணறாதவர்களிடம் அந்தக் கூடுதல் தெளிவாகக் காணப்படவில்லை. ஆகவே தீங்கு செய்வது பராமரிப்பு அன்று. மாற்று ஆள் இல்லாமல் பராமரிப்பதே.

இப்போது தங்கள் வீட்டுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை கோவில் மடைப்பள்ளியில் பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கும்போது, தங்கள் மனைவிக்கு மேலே யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை. மாமியாரைப் பற்றி ஒரு குறை சொல்லலாம், தன் முழங்கால் வலியைச் சொல்லலாம், சிரிக்கலாம். வாரத்தில் அவர் பெறுகிற இடம் அது ஒன்றாகத்தான் இருக்கக்கூடும். அதை நிறுத்திவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே விட்டால், மருந்தைப் பறித்துவிட்டு நோயை வைத்துக்கொண்டதாகும்.

குறைக்க வேண்டியது வீட்டுக்குள் இருக்கிறது. தங்களுக்கு வயது 68 என்றும் நடக்க ஓட முடியும் என்றும் கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறீர்கள். தாயாரைக் குளிப்பாட்ட ஒரு பெண் துணை தேவைப்படலாம். ஆனால் உணவு ஊட்டுவது, மருந்து கொடுப்பது, இரவு எழுந்து பார்ப்பது ஆகியவை பெற்ற மகன் செய்யக்கூடாத வேலைகள் அல்ல. முதியோர் உதவித்தொகை பெறுபவருக்கு இன்னொருவரின் முழுநேரக் கவனிப்பு தேவைப்பட்டால், அத்தொகையோடு ஒரு துணைப்படியும் சேர்த்துப் பெற விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்றோடு சாசா எனப்படும் அரசு சமூகப் பாதுகாப்பு முகமையின் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அரசு மானியம் பெறும் இல்லத்தில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது. தொகை சிறியதுதான், வாரத்தில் இரண்டு அரைநாள் ஆள் வைத்துக்கொள்வதற்கு ஓரளவு கைகொடுக்கும். பேரப்பிள்ளைகளைப் பொறுத்தவரை, அவர்களைப் பெற்றவர்களோடு பேச வேண்டியவர் தங்கள் மனைவி அல்லர், தாங்கள்தான். அவர் கேட்டால் குறை சொல்வதாகும். தாங்கள் கேட்டால் ஏற்பாடாகும். நியாயமில்லைதான், ஆனால் நம் குடும்பங்கள் இன்னும் அப்படித்தான் நடக்கின்றன.

எனக்கு வயது 71. கணவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெரிய மகன் ஜோகன்னஸ்பர்க்கில், சின்னவன் பெர்த்தில். தனியாக இருப்பது புகைபிடிப்பதைவிடக் கெடுதல் என்று எங்கோ படித்துவிட்டு, வீட்டை விற்றுவிட்டு வந்துவிடும்படி பெரியவன் வற்புறுத்துகிறான். எனக்கு இந்தத் தெருவை விட மனமில்லை. நான் பிடிவாதம் பிடிக்கிறேனா? – வாசகி, சாட்ஸ்வர்த்

தங்கள் மகன் படித்தது, பெரும்பாலும் 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்விலிருந்து சுற்றிச் சுற்றி வந்த செய்தியாக இருக்கும், அம்மா. 148 ஆய்வுகளையும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் உள்ளடக்கிய அந்த ஆய்வு, வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று கண்டது உண்மை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. தனியாக வசிக்கிறாரா, சேர்ந்து வசிக்கிறாரா என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் வைத்து அளந்தபோது அந்த வேறுபாடு 19 விழுக்காடாகச் சுருங்கியது. குடும்பம், நட்பு, அண்டை வீடு, கோவில், சங்கம் எனப் பல வகைத் தொடர்புகளையும் சேர்த்து அளந்தபோது 91 விழுக்காடாக உயர்ந்தது. ஒரே கூரையின் கீழ் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பதைவிட, பகலில் எத்தனை வாசல்களில் தங்களை எதிர்பார்க்கிறார்கள் என்பதே பெரிது.

1950இல் இயற்றிய இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் நம் மக்களை 1960களில் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தபோது தாங்கள் சிறுமியாக இருந்திருப்பீர்கள். வீட்டை இழந்த வயதானவர்கள் அக்கம்பக்கத்தை இழந்ததைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இழந்ததைத் தங்கள் தலைமுறை இந்தத் தெருவில் அறுபது ஆண்டுகளாக மறுபடி கட்டியெழுப்பியிருக்கிறது. அதை விட மனமில்லை என்பதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்க மாட்டேன். மகன் வீட்டில் எல்லோரும் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறார்கள் என்றால், காரில்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத காவல் வளாகத்துக்குள், கூட்டுக் குடும்பத்தில் இருந்தபடியே தாங்கள் தனித்துப் போகக்கூடும்.

மகனின் கவலையில் நியாயமான பகுதியும் உண்டு. பெண்களுக்கு முதுமையில் எலும்பு வலுவிழப்பதால் ஒரு வழுக்கல் இடுப்பு முறிவில் போய் முடியும். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். நம்பிக்கையான அண்டை வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் மகனுக்கு ஓர் அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், அது வராத நாளில் யார் வந்து கதவைத் தட்டுவது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். அடுப்பை அணைக்க மறப்பது, மாத்திரையை இருமுறை விழுங்குவது, அடிக்கடி விழுவது என்று தொடங்கினால் அப்போது பேச்சு வேறு. போவதானாலும் மூன்று மாதம் தங்கிப் பாருங்கள்; அதுவரை வீட்டை விற்க வேண்டாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 83 பேர் இருக்கிறோம். நாள்தோறும் வணக்கம் சொல்கிறோம். இதுவும் உறவுத் தொடர்பில் சேருமா? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ரோஜாப்பூப் படத்துடன் வரும் காலை வணக்கம் சேராது. அதைப் பார்த்துவிட்டு ஒருவரை அழைத்துப் பத்து நிமிடம் பேசினால் சேரும். 83 பேரில், தாங்கள் நோயில் விழுந்தால் கதவைத் தட்டக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இருவர் தேறினாலும் நல்ல குழுதான்.

நான் 63 வயது விதவை. நாத்தனார் மகளின் நலங்குக்கு அழைத்தார்கள், போனேன். மஞ்சள் தட்டை நான் எடுத்தபோது, ஒரு பெரியம்மா அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிவிட்டார். மனைவியை இழந்த என் மைத்துனர் அதே மேடையில் நின்று எல்லாக் காரியத்தையும் நடத்தினார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போக மனம் வரவில்லை. ஆறு மாதமாகச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? – வாசகி, மெரிபாங்க்

சர்க்கரை ஏறுவதற்கு மருந்தளவும் உணவும் காரணமாக இருக்கலாம். அதை முதலில் மருத்துவர் பார்க்கட்டும். ஆனால் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளியே போவது நின்றால் நடை நிற்கிறது. நடை நின்றால் சர்க்கரை ஏறுகிறது. அவமதிப்பை மனத்தில் வைத்துப் புழுங்கும்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற நீர் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும் தன்மையுடையது. இவை பாடப்புத்தகச் செய்திகள்.

துணையை இழந்தவர்களில் பெண்கள் ஆண்களைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அவர்களுக்குள்ள விரிந்த உறவு வட்டம் என்று முதல் விடையில் எழுதினேன். அந்த வட்டத்துக்குள் ஒரு விதவையின் இடத்தைச் சடங்கின் பெயரால் பறிப்பது, அவருக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பையே பறிப்பதாகும். இருக்கை கொடுத்து உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது விருந்தினருக்குச் செய்கிற மரியாதை. தட்டை எடுத்து மஞ்சள் பூசுவது சொந்தக்காரரின் உரிமை. பெரியம்மா மெதுவாகத்தான் வாங்கினார் என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக நடந்ததால்தான் அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் முடிவெடுக்கும் உரிமை மணப்பெண்ணைப் பெற்றவளுக்கு உண்டு. தாயே விதவையாக இருந்து முதல் நலங்கை அவரே வைத்த வீடுகளை டர்பனில் நான் பார்த்திருக்கிறேன். புரோகிதர் மறுப்புச் சொல்லவில்லை, மணமக்களும் நன்றாக வாழ்கிறார்கள். அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வரும்போது, நாத்தனாரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள்: "நான் வருகிறேன், நலங்கும் வைப்பேன், உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிடுங்கள். சம்மதமில்லை என்றால், அந்த ஒரு வீட்டைத் தவிர்க்கலாம். எல்லா வீடுகளையும் தவிர்க்க வேண்டியதில்லை.

கரும்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த என் தந்தைக்கு 77 வயது. கல்யாணம், கோவில் எதற்கும் வருவதில்லை. "யாருக்கும் ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை" என்று கோபப்படுகிறார். தொலைக்காட்சியைத் தெருவே கேட்கும்படி வைக்கிறார். அம்மாவும் அவரோடு வீட்டிலேயே முடங்கிவிட்டார். – வாசகர், டோங்காட்

தங்கள் தந்தைக்கு மனிதர்கள் மீது வெறுப்பு வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை, காது கேட்கவில்லை. ஆலை இரைச்சலில் வேலை செய்த ஆண்களிடம் இது மிகவும் பொதுவானது. இரைச்சலால் கெடும் காதுக்கு ஓசை கேட்கும், சொற்கள் பிரிந்து கேட்காது. கூட்டத்தில் அது இன்னும் மோசமாகும். அதனால்தான் பேசுகிறவர்கள் மேல் குற்றம் சொல்கிறார். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட, மறதிநோய்க்கான மாற்றத்தக்க 14 காரணங்களில் கேட்புக் குறைவும் சமூகத் தனிமையும் இரண்டும் இடம்பெறுகின்றன. முன்னது பின்னதற்கு வழிவிடுகிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான சோதனையில், கேட்புக் கருவி எல்லோரிடமும் வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆனால் உடல்நல ஆபத்துகள் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மூன்றாண்டில் அறிவாற்றல் தேய்வது 48 விழுக்காடு குறைந்தது.

தாயாரைத் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். நாள் முழுக்கக் கத்திப் பேசுவதும், வெளியில் அவருக்காக எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வதும் களைத்துப்போய்த்தான் அவரும் முடங்கியிருப்பார். தந்தை வராவிட்டாலும் அவர் கோவிலுக்குப் போய்வர வண்டி ஏற்பாடு செய்யுங்கள். அதற்குக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதலில் மருந்தகத்திலோ மருத்துவரிடமோ காதில் மெழுகு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில வேளை அதிலேயே பாதி தீர்ந்துவிடும். பிறகு கேட்புச் சோதனை. அரசு மருத்துவமனையில் கருவிக்குக் காத்திருக்க நேரிடலாம், ஆகவே பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள். கருவி கிடைத்ததும் நேரே கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கினால், அவர் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். முதல் சில வாரங்கள் வீட்டிலேயே, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பழைய ஆலைத் தோழர் ஒருவரை மட்டும் தேநீருக்கு அழையுங்கள்.